கலைந்துபோன ஜப்பானிய ராக் குழுக்களில் எவை திரும்பி வரும்?

“பிரிட்டிஷ் ராக் குழுவான ஒயாசிஸின் அண்ணன் தம்பியே 2025-இல் சமாதானமாகி மேடையேறிவிட்டார்கள். ஜப்பானில் கலைந்துபோன ராக் குழுக்களில் ரசிகர்கள் இன்னும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? அவர்களில் யாராவது உண்மையிலேயே திரும்பி வருவார்களா?” என்பது கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ஐம்பது வயது தாண்டிய ஜப்பானியரைக் கேட்டால் போவி என்பார். நாற்பதுகளில் இருப்பவர் பிளாங்கி ஜெட் சிட்டி என்பார், அல்லது ஜூடி அண்ட் மேரி என்பார். இரண்டாவது பாதிக்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

ஒரு குழு திரும்பி வருமா என்று கணிக்க, அவர்களுக்குள் நடந்த சண்டை எவ்வளவு பெரியது என்று நான் பார்ப்பதில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா, பாடகரின் தொண்டையும் காதும் ஒத்துழைக்கின்றனவா, யாரும் முதலில் இறங்கிவந்ததாகத் தெரியாதபடி ஒரு சாக்கு கிடைக்குமா, இந்த மூன்றையும்தான் பார்ப்பேன். நம் ஊரில் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஒரு சாவு வீட்டிலோ கல்யாண வீட்டிலோ “சாப்பிட்டாச்சா?” என்று ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரி சாக்கு. ஜப்பானில் நடந்த மறுசேர்க்கைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் அப்படி ஒன்று இருக்கும்.

போவியிலிருந்தே தொடங்கலாம். பாடகர் ஹிமுரோ கியோசுகே, கிட்டார் ஹோதேய் தோமோயாசு, பேஸ் மட்சுய் சுனேமட்சு, டிரம்ஸ் தகாஹாஷி மகோதோ. டிரம்மர் தவிர மற்ற மூவரும் குன்மா மாகாணத்தின் தகாசாகியில் வளர்ந்த பையன்கள். டோக்கியோவுக்கு வந்து 1981-இல் மேடையேறிய குழு. முதல் சில வருடங்கள் சின்னச் சின்ன அரங்குகள்தான். 1987-இல் பாட்டு வெளிவந்தாலே பட்டியலில் முதலிடம் என்ற நிலைக்கு வந்தார்கள். அதே வருடம் டிசம்பர் 24 அன்று ஷிபுயா பொது அரங்கில், கிறிஸ்துமஸ் கொண்டாட்டமாக இருக்கும் என்று நம்பி வந்த கூட்டத்தின் முன்னால், குழுவைக் கலைப்பதாக ஹிமுரோ அறிவித்தார். பிறகு 1988 ஏப்ரல் 4, 5 தேதிகளில் டோக்கியோ டோம் என்ற பெரிய மூடிய விளையாட்டரங்கில் ‘லாஸ்ட் கிக்ஸ்’ என்ற பெயரில் விடைபெற்றார்கள். அப்போது அந்த டோம் திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிக்கெட் பதிவு செய்ய எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டதில் இணைப்புகள் திணறிப்போன கதையை இன்றும் சொல்வார்கள்.

அதன் பிறகு வந்த குழுக்களுக்கு இதுவே இலக்கணமாகிவிட்டது. உச்சத்தில் இருக்கும்போதே அறிவித்துவிடுவது, கடைசிச் சுற்றுப்பயணம் போவது, டோமில் முடிப்பது, அதைப் பதிவாக வெளியிடுவது. சத்தமில்லாமல் தேய்ந்து மறைவதைவிட இது கௌரவம் என்று அங்கே நினைக்கிறார்கள். ஆனால் இவ்வளவு சடங்கோடு விடைபெற்றவர்கள் திரும்பி வருவதும் கஷ்டம். அழுது வழியனுப்பியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

போவி திரும்புவதற்கான சாக்கு ஒரு முறை வாசல் வரை வந்தது. 2011 மார்ச்சில் கிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கின. ஜூன் 11, 12 தேதிகளில் ஹிமுரோ டோக்கியோ டோமில் நிவாரண நிதிக்காகப் பாடினார். பாடியது முழுக்க போவி பாடல்கள். வாசித்ததோ வேறு கலைஞர்கள். தானும் அந்த மேடையில் நிற்க விரும்பியதை ஹோதேய் வெளிப்படையாகவே சொன்னார். ஜூலை 30, 31 தேதிகளில் அதே டோமில், அதே நிவாரணத்துக்காக, ஹோதேய் தன்னுடைய இன்னொரு பழைய குழுவான காம்ப்ளெக்ஸை உயிர்ப்பித்தார். போவிக்குப் பிறகு கிக்காவா கோஜியோடு அவர் தொடங்கி, இரண்டே வருடத்தில் 1990-இல் முறிந்துபோன இரட்டையர் குழு அது. முறிந்த விதத்தைப் பார்த்தவர்கள் இவர்கள் இருவரும் இனி ஒரே மேடையில் நிற்கவே மாட்டார்கள் என்றுதான் சொன்னார்கள். நின்றார்கள். 65 கோடி யென்னுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. நோதோ நிலநடுக்கத்துக்குப் பிறகு 2024 மே மாதம் 15, 16 தேதிகளில் மறுபடியும் டோமில் நின்றார்கள்.

ஒரே கோடைக்காலம், ஒரே அரங்கம், ஒரே காரணம். பழைய போவியின் குரல் ஒரு மாதம், கிட்டார் அடுத்த மாதம். இதைவிடப் பெரிய சாக்கு அவர்களுக்கு இனி எங்கே கிடைக்கும்? அதன் பிறகு காதும் கைவிட்டது. கேட்கும் திறன் குறைந்துவந்ததால் மேடையை விட்டு விலகப்போவதாக 2014-இல் ஹிமுரோ சொன்னார். 2016-இல் நான்கு நகரங்களின் டோம்களில் கடைசி முறையாகப் பாடினார். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு அவர் வைத்த பெயரும் ‘லாஸ்ட் கிக்ஸ்’தான். மறுசேர்க்கை உண்டா என்று அதற்கு மேலும் கேட்பது ரசிகர்களின் உரிமை. என் கணக்கில் போவி மேடைக்குத் திரும்பாது.

2011 வேறு சிலரைச் சேர்த்துவைத்தது. பிரின்சஸ் பிரின்சஸ் என்ற ஐந்து பெண்களின் குழு 1996-இல் கலைந்திருந்தது. 1989-இல் ஜப்பானில் அதிகம் விற்ற சிங்கிளே அவர்களுடையதுதான். நிவாரணத்துக்காக 2012 என்ற ஒரே ஒரு வருடம் மட்டும் திரும்புகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். சொன்னபடி நிறுத்தினார்கள். சேர்ந்த பணத்தில் ஒரு பகுதி செண்டாய் நகரில் ஓர் இசை அரங்கம் கட்ட உதவியது. 2016 மார்ச்சில் அது திறந்தபோது மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். நான் பார்த்த மறுசேர்க்கைகளில் இவ்வளவு கணக்காக நடந்தது வேறில்லை. பங்க் குழுவான ஹை-ஸ்டாண்டர்டும் பதினொரு வருட இடைவெளிக்குப் பிறகு 2011 செப்டம்பரில் யோகோஹாமா மைதானத்தில் திரும்பியது. அவர்கள் அதிகாரபூர்வமாகக் கலையவில்லை, ஆனால் பேச்சே நின்றுபோயிருந்தது. அதன் டிரம்மர் ட்சுனேயோகா அகிரா 2023-இல் காலமானார். 2011-இல் அவர்கள் தயங்கியிருந்தால் அந்தப் பன்னிரண்டு வருடங்களும் கிடைத்திருக்காது.

எக்ஸ் ஜப்பான் கதை தமிழ் ரசிகர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். 1997 செப்டம்பரில் கலைவதாக அறிவிப்பு, டிசம்பர் 31 அன்று டோக்கியோ டோமில் கடைசி நிகழ்ச்சி, அதே இரவு தொலைக்காட்சியின் புத்தாண்டு இசைப்போட்டியில் ஒரு பாட்டு. நான்கு மாதம் கழித்து, 1998 மே 2 அன்று, கிட்டாரிஸ்ட் ஹிதே இறந்தார். வயது 33. மறுசேர்க்கைப் பேச்சை ஆரம்பிக்க வேண்டிய ஆள் அவர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து, 2008 மார்ச்சில் மூன்று இரவுகள் டோமில் குழு திரும்பியபோது ஹிதேயின் உருவத்தை ஹாலோகிராமாக மேடையில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவே இல்லை. அதற்குப் பின் உலகம் சுற்றினார்கள். புது ஆல்பம் வருகிறது, வருகிறது என்று வருடக்கணக்காகச் சொன்னார்கள். வரவில்லை. 2011-இல் பழைய பேஸ் கலைஞர் தாய்ஜி இறந்தார். 2023 அக்டோபரில், அவருக்குப் பின் பேஸ் வாசித்த ஹீத்தும் இறந்தார். ஒரு குழு மீண்டும் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். சேர்ந்தார்கள்; ரசிகர்களின் காத்திருப்பு மட்டும் நிற்கவில்லை.

லூனா ஸீ 2000 டிசம்பரில் டோமில் முடித்தது. 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு ஒரே ஒரு நாள் என்று வந்தது. 2010-இல் முழுதாகத் திரும்பியது. ஒரு நாள் என்று வந்து ருசி கண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். சியாம் ஷேட் 2002-இல் கலைந்தது. 2007-இல் அவர்களை ஒரு இரவு சேர்த்துவைத்தது, அவர்களோடு கூடவே இருந்த மேலாளரின் மரணம். சாவு வீடு என்று மேலே சொன்னது சும்மா உவமைக்காக மட்டும் இல்லை.

நல்ல மறுசேர்க்கை எப்படியிருக்கும் என்று கேட்டால் இரண்டு பெயர்கள் சொல்வேன். ஒன்று யூனிகார்ன். ஹிரோஷிமாவில் தொடங்கி 1993-இல் கலைந்த குழு. 2009 தொடக்கத்தில் பெரிய காரணம் எதையும் சொல்லாமல் புது ஆல்பத்தோடு வந்து நின்றார்கள். பழைய பாட்டுகளை வைத்துக் காலம் தள்ளாமல் புதிதாக எழுதிக்கொண்டே இருப்பதால் மறுசேர்க்கை என்ற சொல்லே அவர்கள் விஷயத்தில் மறந்துபோயிற்று. இன்னொன்று தி யெல்லோ மங்கி. 2001 ஜனவரி 8 அன்று டோமில் வாசித்துவிட்டு ஓய்வுக்குப் போனார்கள். 2004-இல் கலைந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதற்கு ஒன்பது வருடம் கழித்து லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சியைப் பார்த்தார் பாடகர் யோஷி கஸூயா. எழுபதை எட்டிய கிழவர்கள் ஆடுவதைப் பார்த்த வேகத்தில் மற்ற மூவருக்கும் செய்தி அனுப்பினார். மீசை நரைத்தாலும் ஆசை நரைக்காது என்பது அங்கேயும் பொருந்துகிறது. 2016 ஜனவரி 8 அன்று, அந்தக் கடைசி மேடையிலிருந்து சரியாகப் பதினைந்து வருடம் கழித்து, திரும்புவதாக அறிவித்தார்கள். பின்னால் யோஷிக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடித்து 2024 ஏப்ரல் 27 அன்று மறுபடி டோமில் பாடினார். ஜப்பானிய ரசிகர்கள் தேதிகளை இப்படிக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி நிகழ்ச்சியின் தேதியிலோ முதல் பாட்டு வெளிவந்த தேதியிலோதான் பெரும்பாலும் செய்தி வரும்.

என் மனசுக்கு மிகவும் நெருக்கமானது நம்பர் கேர்ள். ஃபுகுவோகாவில் 1995-இல் தொடங்கிய நால்வர் குழு. முகாய் ஷூதோகுவின் கத்தல், தபுச்சி ஹிசாகோவின் அறுக்கும் கிட்டார், நகாவோ கென்தாரோவின் பேஸ், அஹிதோ இனஸாவாவின் டிரம்ஸ். பெரிய அரங்குகளை நிரப்பியவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பின் வந்த ஜப்பானிய கிட்டார் குழுக்களில் பாதி பேர் அவர்கள் தட்டில் சாப்பிட்டவர்கள்தான். நகாவோ விலக விரும்பியதும், வேறு ஆளைப் போட்டு ஓட்டாமல், 2002 நவம்பர் 30 அன்று சப்போரோவில் ஒரு சின்ன அரங்கில் முடித்துக்கொண்டார்கள். முகாய் வேறு குழு தொடங்கினார். பழைய குழுவைப் பற்றிய ஏக்கம் அவரிடம் அதிகம் தென்பட்டதில்லை.

2019 பிப்ரவரியில் திடீரென அறிவிப்பு வந்தது. காரணமாக முகாய் எழுதியது இப்படிப் போகிறது: முந்தைய வருடம் ஒருநாள் குடித்திருந்தேன், ஹொக்கைடோவின் ரைசிங் சன் திருவிழாவில் அந்தப் பயல்களோடு மறுபடி வாசிக்க வேண்டும் என்று தோன்றியது, கொஞ்சம் சம்பாதிக்கவும் வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். நட்பு, காலம், ரசிகர்களின் அன்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. மறுசேர்க்கைக்கு இதைவிட நேர்மையான சாக்கை நான் படித்ததில்லை.

அடுத்து நடந்ததை யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எந்தத் திருவிழாவுக்காகத் திரும்பினார்களோ, 2019 ஆகஸ்டில் அதே திருவிழாவின் அவர்கள் வாசிக்க வேண்டிய நாள் புயலால் ரத்தானது. அடுத்த இரண்டு வருடம் கொரோனா. 2020 மார்ச்சில் ஆளில்லாத அரங்கில் வாசித்து இணையத்தில் ஒளிபரப்பினார்கள். ஒருவழியாக 2022 ஆகஸ்டில் ரைசிங் சன் மேடையில் ஏறினார்கள். நினைத்தது நடந்துவிட்டது, அதனால் கலைகிறோம் என்று உடனே அறிவித்துவிட்டார்கள். அதே வருடம் டிசம்பர் 11 அன்று யோகோஹாமாவில் இரண்டாவது முறையாக முடிந்தது. இரண்டு முறை விடைபெற்ற குழுவை மூன்றாவது முறை கேட்பது பேராசை. ஆனாலும் முகாய் மறுபடி குடிப்பார் என்ற நம்பிக்கையில் ஒரு கூட்டம் இருக்கிறது.

சில குழுக்களுக்கு இனி வாய்ப்பே இல்லை. மிஷெல் கன் எலிஃபன்ட் 2003 அக்டோபர் 11 அன்று மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் தங்கள் முதல் சிங்கிளையே கடைசிப் பாட்டாக வாசித்துவிட்டுப் போனது. கிட்டாரிஸ்ட் அபே ஃபுதோஷி 2009-இல் 42 வயதில் இறந்தார். பாடகர் சிபா யூசுகே 2023 நவம்பரில் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 55 வயதில் இறந்தார். யூரா யூரா தேய்கோகு 2010-இல் கலைந்தது. குழு முழுமை பெற்றுவிட்டது, இனி செய்ய எதுவும் இல்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். அதன் பேஸ் கலைஞர் கமேகாவா சியோ 2024-இல் காலமானார். மற்றவர்களை வைத்து அஞ்சலி நிகழ்ச்சி நடத்தலாம். அதை மறுசேர்க்கை என்று விற்றால் வாங்காதீர்கள்.

புளூ ஹார்ட்ஸ் ஒரு விசித்திரமான வழக்கு. 1985-இல் தொடங்கிய இந்த பங்க் குழுவின் பாட்டுகளை இன்றும் ஜப்பானியப் பள்ளி மாணவர்கள் ஆண்டுவிழாவில் வாசிக்கிறார்கள். 1995-இல் ஒரு வானொலி நிகழ்ச்சியில் கலைவதாகச் சொன்னார்கள். அதே வருடம் பாடகர் கோமோதோ ஹிரோதோவும் கிட்டாரிஸ்ட் மஷிமா மசாதோஷியும் தி ஹை-லோஸ் என்று புதுக் குழு தொடங்கினார்கள். 2005-இல் அதையும் நிறுத்திவிட்டு, மறு வருடம் தி குரோ-மேக்னன்ஸ். பாட்டு எழுதிய இருவரும் ஒரு நாளும் பிரியவில்லை. அவர்களுக்குத் திரும்பிப் போக வேண்டிய வீடு என்று ஒன்று இல்லை, அந்த வீட்டிலேயேதான் இருக்கிறார்கள். சண்டையே இல்லாத இடத்தில் சமாதானத்துக்குச் சாக்கு எதற்கு? அதனால் இந்தக் குழு திரும்பும் என்று காத்திருப்பவர்கள் பேசாமல் குரோ-மேக்னன்ஸுக்கு டிக்கெட் வாங்கிக்கொள்வது நல்லது.

என் பணத்தைக் கட்டச் சொன்னால் பிளாங்கி ஜெட் சிட்டி மேல் கட்டுவேன். அசாய் கென்இச்சி, தெருய் தோஷியுகி, நகாமுரா தட்சுயா என்று மூன்றே பேர். 1990 வாக்கில் புதுக் குழுக்களை அறிமுகப்படுத்தும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வழியாகப் புகழ் பெற்றார்கள். 2000 ஜூலையில் யோகோஹாமா அரங்கில் இரண்டு இரவுகள், அதே மாதம் ஃபூஜி ராக் திருவிழாவில் ஒரு கடைசி மேடை, அத்தோடு சரி. மூவரும் இருக்கிறார்கள்; மூவரும் அறுபதைத் தாண்டியும் மேடையை விடவில்லை. அசாய்க்குப் பழையதைத் தொடக் கூடாது என்ற கொள்கையும் இல்லை. பாடகி ஊவாவோடு (UA) 2000-ஐ ஒட்டிக் கொஞ்ச காலமே நடத்திய அஜிகோ குழுவை 2021-இல் அவரே மீண்டும் தொடங்கினார். மூன்று பேர் என்பதும் ஒரு வசதி. ஐந்து பேரைச் சம்மதிக்க வைப்பதைவிட மூன்று பேரை ஒரு மேசையில் உட்கார வைப்பது எளிது. குறைவது சாக்கு மட்டும்தான். வயது ஏற ஏற அதுவும் தானாக வரும்.

ஜூடி அண்ட் மேரி அடுத்தது. ருரோனி கென்ஷின் அனிமேயின் முதல் தொடக்கப் பாட்டு அவர்களுடையது. 1996-இல் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. நம்மில் பலர் குழுவின் பெயர் தெரியாமலே அதை முணுமுணுத்திருப்போம். 2001 மார்ச் 7, 8 தேதிகளில் டோமில் முடித்தார்கள். நால்வரும் இருக்கிறார்கள், ரசிகர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாடகி யூகிக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள். தனியாக வந்த பத்தே வருடத்தில், 2012-இல், அதே டோக்கியோ டோமில் தன் பெயரில் மட்டும் நிகழ்ச்சி நடத்தியவர் அவர். குழுவைவிட நீண்ட, நிம்மதியான வாழ்க்கை அவருக்குத் தனியாகக் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்டவரை இழுக்கப் பணம் போதாது. ஏதாவது பெரிய ஆண்டு நிறைவில் ஒரு பாட்டு, இரண்டு பாட்டு நடக்கலாம். சுற்றுப்பயணம் எதிர்பார்க்க மாட்டேன்.

அனிமே வழியாக வந்தவர்களுக்கு ஓர் ஆறுதல். ஸ்லாம் டங்க் முடிவுப் பாட்டால் தெரிந்த வாண்ட்ஸ் 2019-இல் திரும்பியது, ஆனால் புதுப் பாடகரோடு. அனோஹானா வழியாகத் தெரிந்த கலிலியோ கலிலே 2016-இல் முடித்து 2022-இல் திரும்பியது. எல்லிகார்டன் பத்து வருட ஓய்வுக்குப் பின் 2018-இல் வந்து, 2022-இல் புது ஆல்பமும் போட்டது. இளைய தலைமுறைக்குக் கலைவதும் சேர்வதும் அவ்வளவு பெரிய சடங்காகத் தெரியவில்லை போலும்.

யாராவது நிஜமாகவே திரும்பி வந்து, நீங்களும் விமானம் ஏறத் தயாராக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான். ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு முதல் குலுக்கல், மிச்சம் மீதி பொதுமக்களுக்கு. பதிவு செய்ய ஜப்பானிய கைபேசி எண் கேட்பார்கள், நிகழ்ச்சி நாளில் பெயரைச் சரிபார்ப்பதும் உண்டு. அங்கே தெரிந்தவர் இல்லாமல் டோமுக்குள் நுழைவது கடினம். கொரோனாவுக்குப் பிறகு பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றை இணையத்தில் கட்டண ஒளிபரப்பாகவும் தருகிறார்கள். அதில் சிலவற்றை வெளிநாட்டிலிருந்தும் பார்க்கலாம், அறிவிப்பில் பகுதிக் கட்டுப்பாடு உண்டா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.